மல்லிகாவின் ஃபோனில் மழை பெய்யவில்லை

எங்கள் கேமில் என்றைக்கு மழை பெய்யும், என்றைக்குக் காயும் என்று ஏற்பாடு செய்தவள் நான்தான். இன்று கேம் செய்யப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் அதே வேலையைச் செய்யப் போகிறீர்கள். சீட்டைக் கலைப்பீர்கள், தாயக்கட்டையை உருட்டுவீர்கள், பரிசுப் பெட்டிக்குள்ளே என்ன வைப்பது என்று முடிவு செய்வீர்கள். நான் ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்குக் கம்மி. ஆகவே நல்லபடியாக முடிந்த வேலைகளை விட்டுவிட்டு, நான் சறுக்கிய ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நான் முதலில் கணக்கு டீச்சர். திருநாவலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு, நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். என்னிடம் படித்த சேகர் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடியில் ஆறு பேரை வைத்துக்கொண்டு மொபைல் கேம் செய்ய ஆரம்பித்திருந்தான். "நிகழ்தகவு நீங்க நடத்துன மாதிரி யாரும் நடத்தல டீச்சர், வாங்க" என்று கூப்பிட்டான். போனேன். அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான். அந்தப் பெயர் பிறகு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது விவசாய கேம். ஓர் ஏக்கர் நிலம் கொடுப்போம். தினமும் ஒருமுறை திறந்து உழலாம், விதைக்கலாம், களை எடுக்கலாம். மழை மட்டும் ஆடுபவர் கையில் கிடையாது. ஒரு நாளைக்குப் பெய்யுமா காயுமா என்பது பாதிக்குப் பாதி, காசு சுண்டிப் போடுகிற மாதிரி. சிக்னல் இல்லாத ஊரிலும் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பெங்களூரில் இருந்த விற்பனைக் கம்பெனி கேட்டிருந்தது. அதனால் இருபது பழைய ஃபோன்களைச் சோதனைக்குக் கொடுத்தோம். பதினெட்டு ஃபோன் கச்சிராயபாளையம் சுற்றுவட்டாரத்தில். இரண்டு மட்டும் கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊரில், ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்களிடம். பெரியவர் பூங்கொடி, சின்னவர் மல்லிகா. மல்லிகா பத்தாவது வரை படித்தவர். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தோம். அன்றைக்கு மழை உண்டா இல்லையா என்று தினமும் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஜீப்காரர் தாள்களைக் கீழே கொண்டுவருவார்.

சோதனையின் முதல் இரண்டு நாளிலேயே கச்சிராயபாளையத்துக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காய்ந்தால் கேமை மூடித் திறப்பது, மறுபடி காய்ந்தால் மறுபடி மூடித் திறப்பது. மழை வரும்வரை விடமாட்டார்கள். ஒரு கரும்பு விவசாயியிடம் போய் ஏன் இப்படி என்று கேட்டேன். "வானம்தான் ஏமாத்துதுன்னு பாத்தா, நீங்களும் ஏமாத்துறீங்களே டீச்சர்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்து அந்த ஓட்டையை அடைத்தேன். கம்ப்யூட்டருக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏதாவது ஒரு தொடக்க எண் கொடுத்தால் அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு விடை சொல்லும். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே விடைதான் வரும். ஒவ்வொரு ஃபோனுக்கும் நாங்கள் வைத்த எண்ணோடு அன்றைய தேதியைச் சேர்த்து அதைத் தொடக்க எண்ணாக்கினேன். இனி ஒரே நாளில் நூறு முறை மூடித் திறந்தாலும் ஒரே வானம்தான். ரொம்பப் பெருமையாக இருந்தது.

இருபது ஃபோனையும் வாங்கி அந்த மாற்றத்தைப் போட்டுக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத் தாள்கள் வந்தன. கச்சிராயபாளையத்துக்காரர்கள் எல்லோருமே புலம்பியிருந்தார்கள். எனக்கு மட்டும் மழை கம்மி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஜாஸ்தி என்று பதினெட்டுத் தாளிலும் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் காய்ந்ததை மனிதர்கள் மறக்க மாட்டார்கள், மூன்று நாள் பெய்ததை நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதை நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்துகொண்ட பிறகுதான் ஆபத்து. அதன்பின் எந்தப் புலம்பலைக் கேட்டாலும் காது தானாக மூடிக்கொள்ளும்.

மலையிலிருந்து வந்த இரண்டு தாளும் வேறு மாதிரி இருந்தன. பூங்கொடி ஏழு நாளும் மழை என்று எழுதியிருந்தார். மல்லிகா ஏழு நாளும் இல்லை என்று எழுதி, கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "டீச்சர், எனக்கு மட்டும் ஏன் பெய்யவே இல்லை?"

இருபது பேர் ஆடினால் ஒருவர் இருவருக்கு இப்படி அமையலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சேகரிடம் வேடிக்கையாகக்கூடச் சொன்னேன்: "ரெண்டு பேரையும் கூட்டிப் பாரு, பாதிக்குப் பாதி சரியா வருது." பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மல்லிகாவின் கேள்விக்குக் கீழே பதில் எழுதினேன்: "தவறு எதுவும் இல்லை. அதிர்ஷ்டம் சிலருக்கு அப்படித்தான் இருக்கும்." கையெழுத்தும் போட்டேன், பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரி. தாள் ஜீப்பில் மேலே போனது.

இரண்டாவது வாரமும் அதே கதை. பூங்கொடிக்கு ஏழும் மழை, மல்லிகாவுக்கு ஏழும் வெயில். இந்தத் தடவை எனக்குச் சுருக்கென்றது. காசைப் பதினான்கு தடவை சுண்டிப் பதினான்கும் பூவாக விழுவது என்றால் லேசில் நடக்கிற காரியமில்லை. அதுவும் ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பூ, ஒருத்திக்குத் தலை. இங்கேதான் நான் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. கேமில் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு முதலில் வரவில்லை. அந்தப் பெண்கள் ஆடாமலேயே தாளை நிரப்புகிறார்கள் என்றுதான் தோன்றியது. ஒருத்தி மழை மழை என்று எழுதுகிறாள், இன்னொருத்தி இல்லை இல்லை என்று எழுதுகிறாள், கை நோகாத வேலை. கேம் வெளிவர ஐந்து நாள்தான் இருந்தது. நேரில் போய் ஃபோன்களை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

மலைப்பாதை முழுக்க, எப்படிக் கண்டிப்பது என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்து அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் சாமை விதையைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரும் பூங்கொடியும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா தள்ளி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று சாணி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"டீச்சர், நான் ஒன்னு பண்ணிட்டேன். திட்டாதீங்க."

"என்ன பண்ணீங்க?"

"நாலு நாளா எங்க ஃபோன மாத்திக்கினோம். என்னுத அக்கா வெச்சிக்கினு கீது, அக்காளுத நான் வெச்சிக்கினு கீறேன். தாள மட்டும் மாத்தல, அந்தந்த ஃபோனுல இன்னா வந்துதோ அதத்தான் எழுதினோம்."

எனக்குக் கோபம் வந்தது. ஃபோனை யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது சோதனையின் முதல் விதி. "நாலு நாள் வேலையும் வீணாப் போச்சே" என்றேன். வகுப்பறைக் குரல் அப்படியே வந்துவிட்டது.

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "அக்கா ஃபோனு என் கையிலயும் பெய்யுது டீச்சர். என் ஃபோனு அக்கா கையிலயும் காயுது. அப்ப கையில ஒன்னும் இல்ல. ஃபோன்லதான் இன்னாமோ கீது. இல்லீங்களா?"

ஒன்று மாறும்போது மற்றது மாறுகிறதா என்று பார்ப்பது. இதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், சம்பளமும் வாங்கினேன். தாளைப் பார்த்து அதிர்ஷ்டம் என்று எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. விதியை மீறித் தெரிந்துகொண்டவர் அவர்.

"எதுக்காக மாத்திப் பாத்தீங்க?" என்று கேட்டேன். மல்லிகா மாமியாரைப் பார்த்தார். மாமியார்தான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவ கை ராசியில்லாத கைம்மா. வந்த வருசம் சாமை காஞ்சிது. மறு வருசம் மாடு செத்துது. சரி, போவட்டும்னு இருந்தேன். இப்ப ஃபோன்லயே அவளுக்கு மழ பெய்யல. பெரியவளுக்குக் கொட்டுது. ஃபோனுக்குத் தெரியுமா இவ யாரு அவ யாருன்னு? அதான் இந்தத் தபா வெதையத் தொடாதன்னு சொல்லிட்டேன்."

"மாத்திப் பாத்தும் அப்படித்தானே வருது? உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா. அவ தொட்டுத் தொட்டு அந்த ஃபோனே கெட்டுப்போயிருக்கும்." பிறகு எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த தாளை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா. பெரியவ படிச்சிக் காட்டுனா."

சிவப்பு மையில் என் கையெழுத்து. அதிர்ஷ்டம் சிலருக்கு அப்படித்தான் இருக்கும்.

என் முப்பது வருஷ வேலையில் நான் எழுதிய எந்த வரியும் என்னை அப்படிச் சுட்டதில்லை. கேமில்தானே, வெறும் மழைதானே என்று நினைத்து எழுதினேன். அது ஒரு மலை ஊரில் ஒருத்தியை விதைப் பக்கம் வர விடாமல் செய்திருக்கிறது. மல்லிகா அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோனைக் கொண்டாங்க. தினமும் எப்படித் திறப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன்.

மல்லிகா உள்ளே போய், அக்காவிடம் கொடுத்திருந்த தன் சொந்த ஃபோனை ஒரு கையிலும் பேட்டரியை ஒரு கையிலும் கொண்டுவந்தார். "எதுக்குத் தனித்தனியா?" என்றேன்.

"இங்க கரண்டு போனா வர ரெண்டு நாளு ஆவும் டீச்சர். ஆடி முடிச்சதும் கழட்டி வெச்சிடுவோம். சார்ஜ் எறங்காது."

பேட்டரியைப் போட்டு ஃபோனை உயிர்ப்பித்தார். திரையின் மேலே சின்னதாகத் தேதி வந்தது. ஜனவரி ஒன்று. வெளியே ஆனி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தேதி தப்பா இருக்கே?"

"அதுல எப்பவும் ஜனவரி ஒன்னுதான் வரும். எங்களுக்கு இன்னாத்துக்கு? காலண்டரு வூட்டுல கீதே."

அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றியதும் அந்தப் பழைய ஃபோன் தேதியை மறந்துவிடுகிறது. சிக்னல் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். இங்கே சிக்னல் இல்லை. நான் தேதியை நம்பி மழையைக் கட்டியிருந்தேன். மல்லிகாவின் ஃபோனுக்கு ஜனவரி ஒன்று காய்கிற நாள், பூங்கொடியின் ஃபோனுக்குப் பெய்கிற நாள். இரண்டு பேரும் பதினான்கு நாளாக ஒரே நாளைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாமியாருக்கு விளக்கினேன். புரிந்த மாதிரி தெரியவில்லை. "அப்ப இன்னிக்குத் தேதியப் போட்டா இவளுக்குப் பெய்யுமா?" என்று நேராகக் கேட்டார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

பெய்யுமா என்று எனக்கும் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு வழி இருந்தது. சோதனைக்காக நாங்கள் ஒரு மறைவான பொத்தான் வைத்திருந்தோம். திரையின் மூலையை மூன்று தடவை தட்டினால் மழை கொட்டும். யாருக்கும் தெரியாது. என் கட்டைவிரல் அந்த மூலைக்குப் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தட்டியிருந்தால் அந்த நிமிஷமே எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். மல்லிகாவும் முறத்துக்குப் போயிருப்பார். ஆனால் அடுத்த வாரம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் காய்ந்தால் மறுபடி அவர் கையைத்தான் பார்ப்பார்கள். நான் போன பிறகு தட்டுவதற்கு யார் இருப்பார்கள்? விரலை எடுத்துக்கொண்டேன்.

இன்றைய தேதியைப் போட்டு கேமைத் திறந்தேன். வெயில்.

"பாத்தியா" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். மல்லிகாவின் முகம் செத்துப்போனது.

"இருங்க. பெரியவங்க ஃபோனையும் குடுங்க" என்று பூங்கொடியுடைய ஃபோனிலும் இன்றைய தேதியைப் போட்டேன். அதிலும் வெயில். பூங்கொடி திடுக்கிட்டார். "அய்யய்யோ, இதுல எப்பவும் பெய்யுமே!"

பிறகு இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளை, மறுநாள் என்று தேதியை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். வெயில் வந்தது, மழை வந்தது, மறுபடி மழை, மறுபடி வெயில். கூட்டத்தில் இருந்தவர்கள் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நாளுக்கு மல்லிகாவுக்கு நாலு மழை, பூங்கொடிக்கு ஐந்து.

"ஒன்னுதான் கம்மி" என்றார் மாமியார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்ப என் ராசி?" என்று பூங்கொடி கேட்ட கேள்விக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாவம், இரண்டு வாரமாக ஊரில் அவருக்குத் தனி மரியாதை இருந்திருக்கிறது.

மாமியார் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே, "எல்லாம் தேதியிலதான் கீதுன்னா, வெதைக்கிறதுக்கு எது நல்ல தேதின்னு இதுல பாத்துச் சொல்லும்மா" என்றார். அவரை முழுக்க மாற்றிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தாள்தான் முக்கியமாக இருந்தது. அதை வாங்கி, சிவப்பு வரியை அடித்து, கீழே எழுதினேன்: "நான் எழுதியது தப்பு. கேமில்தான் கோளாறு. அதைக் கண்டுபிடித்தவர் மல்லிகா." கையெழுத்துப் போட்டு, பூங்கொடியிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தார். மாமியார் வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதே சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். வெளியே வந்து, "வந்து ஒக்காரு, வெத நெறைய கெடக்குது" என்று மல்லிகாவிடம் ஒரு முறத்தைத் தள்ளிவிட்டார்.

இறங்கும் வழியில் சிக்னல் கிடைத்த வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி சேகரிடம் பேசினேன். கேமை நாலு நாளில் வெளியிட முடியாது, தள்ளிப் போடு என்றேன்.

"டீச்சர், ஊரு ஒலகத்துல எத்தன பேரு பேட்டரியக் கழட்டி வெக்கப் போறாங்க? அந்த ரெண்டு ஃபோன லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம். பெங்களூர்க்காரங்க என்னைக் கிழிச்சிடுவாங்க."

"ரெண்டு ஃபோன்தான்னு எனக்குத் தெரியாது சேகர். உனக்கும் தெரியாது. இங்க ஜீப் வந்துச்சு, தாள் வந்துச்சு, மாத்திப் பாக்குற அளவுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. மத்த இடத்துல நமக்கு யாரு சொல்வாங்க? காயுது காயுதுன்னு எழுதுவாங்க. அதிர்ஷ்டம்னு நாம பதில் போடுவோம்."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எத்தன நாளு வேணும்?" என்றான்.

"ரெண்டு வாரம்."

"நீங்களே அவங்ககிட்ட பேசுங்க."

பேசினேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். ஃபோனின் தேதியை நம்புவதை விட்டுவிட்டு, நாட்களை கேமுக்குள்ளேயே எண்ணுகிற மாதிரி மாற்றினோம். அதற்குப் பிறகு அந்த மறைவான பொத்தானையும் எடுத்துவிட்டோம். கேம் பதினைந்து நாள் தாமதமாக வெளிவந்தது, சுமாராக ஓடியது. எங்கள் எல்லோருக்கும் தொடர்ந்து வேலை இருந்தது.

ராசி கெட்டவர் என்று யாராவது உங்கள் முன்னால் வந்து நின்றால், உங்களுக்கும் அந்த வரி நாக்கு நுனிக்கு வரும்: அது தற்செயல், அப்படித்தான் இருக்கும். நிறைய நேரம் அது உண்மையாகவும் இருக்கும். சொல்வதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் ஃபோனை வாங்கிப் பாருங்கள். அவர்கள் எப்படித் திறக்கிறார்கள், எப்போது அணைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆடி கடைசியில் ஃபோன்களைத் திரும்ப வாங்க மறுபடி மலைக்குப் போனேன். மல்லிகா காட்டில் இருந்தார். சாமை பச்சையாக முளைத்திருந்தது, நடுநடுவே திட்டுத்திட்டாக வெறும் மண். பாத்தி ஓரம் நின்றுகொண்டு, "நல்லா வந்திருக்கா?" என்றேன்.

"பாதிதான் டீச்சர் மொளச்சிது. நான்தான் வெதச்சேன்."

"மாமியார் என்ன சொல்றாங்க?"

மல்லிகா களைக்கொத்தைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"இந்த வருசம் மழ கம்மின்னு சொல்றாங்க."